'வேண்டாம்' என்பது யாருக்கு?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்

பட்டம் பெற்று வெளியேறும் நம் தோழர்கள் பலருக்கு முதலில் கிடைக்கும் வேலை எது? ஆசிரியர் பணியா? அரசுப் பணியா? வங்கிப் பணியா? அவற்றிற்கான தேர்வுகளை எழுதிக்கொண்டே, இடைப்பட்ட காலத்தில் வீட்டுச் செலவுக்காகப் பலர் ஏற்கும் வேலை ஒன்று உண்டு. தொலைபேசியில் அழைத்தோ, வீடு வீடாக ஏறி இறங்கியோ, ஒரு பொருளை வாங்கிக்கொள்ளுமாறு கேட்கும் வேலை அது. காப்பீடு, கடன் அட்டை, குடிநீர்க் கருவி, பயிற்சி வகுப்பு, வீட்டு மனை என்று பொருள்தான் மாறுகிறது. கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "வேண்டாம்."

படிக்கும்போதே இந்த வேலைக்குப் போகிறவர்களும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். வகுப்பு முடிந்த பிற்பகல்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் இணைய இணைப்பு விற்கும் ஒரு நிறுவனத்துக்காக எட்டு மாதம் நடந்தவன்.

'வேண்டாம்' என்ற சொல்லைத் தாங்குவது எப்படி என்று கற்பிக்க நூல்களும் பயிற்சியாளர்களும் ஏராளம். மனத்தைக் கல்லாக்கிக்கொள், சிரித்துக்கொண்டே இரு, இன்னும் நூறு பேரைக் கேள் என்பது அவர்கள் தரும் அறிவுரை. அந்த அறிவுரை போதாது என்பதே என் கருத்து. மனத்தைக் கல்லாக்கும் முன், வந்த 'வேண்டாம்' யாருக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்தால், அதில் மிகப் பெரும் பகுதி தொழிலுக்கு உரியது என்று விளங்கும். தொழிலின் செலவைத் தொழில் நடத்துபவரே ஏற்க வேண்டும். வாசலில் நிற்கும் இளைஞன் அதைத் தன் சட்டைப் பையிலிருந்தும் தன்மானத்திலிருந்தும் கட்டக் கூடாது.

நமக்கு ஏன் கூடுதலாக வலிக்கிறது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றவர்கள் பலர். நம் பெற்றோருக்கு வாழ்நாள் முழுவதும் பல வாசல்களில் கிடைத்த விடை "இல்லை", "அப்புறம் வா" என்பதே. பிள்ளை படித்துவிட்டால் அந்த விடை மாறும் என்று நம்பினார்கள். அதனால் படிக்க வைத்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் விளம்பரத் தாளுமாக நாம் முதல் வாசலில் நிற்கும்போது, விற்க வந்தது ஓர் இணைய இணைப்பு மட்டுமே. ஆனால் நம் பின்னால் வந்து நிற்பது வீட்டாரின் இருபதாண்டு நம்பிக்கை. கதவு சாத்தப்படும்போது நம் அப்பாவுக்குக் கிடைத்த அதே விடைதான் நமக்கும் என்று தோன்றிவிடுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விற்பனை தவறிய செய்தி. நமக்கோ அது தீர்ப்புப் போல ஒலிக்கிறது. வலியின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் இந்த வேர் எல்லாருக்கும் ஒரே வகையில் இறங்கிவிடவில்லை. என் தாயார் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடை சுமந்து மந்தைவெளி, இராஜா அண்ணாமலைபுரம் தெருக்களில் இருபது ஆண்டுகளாக விற்று வருபவர். நான் ஒரு வாரத்தில் கேட்கும் 'வேண்டாம்'களை அவர் ஒரு காலைப் பொழுதில் கேட்டுவிடுவார். அதற்காக அவர் ஒரு நாளும் உறக்கம் கெட்டதில்லை. எப்படி என்று கேட்டேன். "மீனு வேணாம்னாங்க. என்னையா வேணாம்னாங்க?" என்றார்.

அவர் கல் மனம் படைத்தவர் அல்லர். அவர் தொழிலின் அமைப்பு அவருக்குத் துணை நிற்கிறது. கூடையில் இருக்கும் பொருள் அவருடையது. விலையைக் குறைக்கவோ, பாதியாக வெட்டித் தரவோ, கடன் சொல்லவோ அவருக்கு அதிகாரம் உண்டு. இன்று மறுத்த வீட்டு வாசலில் நாளையும் அவரால் கூடையை இறக்க முடியும். மேலும், மறுப்புக்குக் காரணம் அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி மாதம் என்று மீன் வாங்காத நாட்கள் அவருக்கு மனப்பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. வரத்து குறைந்து விலை ஏறினால் மறுப்புக் கூடும் என்பதும் தெரியும். நமக்கோ பொருளின் மேல் உரிமை இல்லை. விலையைத் தலைமை அலுவலகம் தீர்மானிக்கிறது. பேச வேண்டிய நான்கு வரிகளும் அச்சடித்துத் தரப்படுகின்றன. காரணம் கேட்க நேரம் இல்லை. ஆகவே வந்த மறுப்பைப் பொருளின் மேலோ விலையின் மேலோ வைக்க முடியாமல், நம் தலைமேல் வைத்துக்கொள்கிறோம்.

மறுப்பின் வகைகள்

எட்டு மாதத்தில் நான் கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்து வகைப்படுத்தியிருக்கிறேன்.

முதலாவது, காலம் சொல்லும் 'வேண்டாம்'. ஞாயிறு மாலை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று நிறுவனம் அந்த நேரத்தில்தான் நம்மை மயிலாப்பூருக்கு அனுப்புகிறது. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை இராகு காலம் என்பதை அது எண்ணிப் பார்ப்பதில்லை. மாட வீதிப் பக்கத்தில் அந்த நேரத்தில் புதிதாக எதிலும் கையெழுத்திடப் பலர் விரும்புவதில்லை. மார்கழி மாலையில் போனால் வீட்டில் ஆள் இருக்காது, சபாக்களில் இருப்பார்கள். ஆடியில் புதிய முயற்சி வேண்டாம் என்பார்கள். அதே ஆடியில் உஸ்மான் சாலையில் தள்ளுபடிக் கூட்டம் நெரியும். தியாகராய நகர்க் கடைகளில் காலையில் நுழைந்தால், "இன்னும் போணி ஆகல தம்பி, சாயங்காலம் வா" என்று அண்ணாச்சி சொல்வார். மாதத்தின் இருபதாம் தேதிக்குப் பிறகு சம்பளக்காரர் வீட்டில் எதுவும் நடக்காது. இவை எல்லாம் நாட்காட்டி தரும் விடைகள்.

இரண்டாவது, கட்டளையின் 'வேண்டாம்'. அடையாறு காந்தி நகரிலும் இந்திரா நகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாசல் காவலரைத் தாண்ட முடியாது. "தம்பி, உன்னை உள்ள விட்டா என் வேலை போயிடும்" என்றார் ஒருவர். அவரும் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர். அவர் மறுப்பது அவர் சம்பளத்துக்காக. அவரிடம் கோபப்படுவதில் நியாயம் இல்லை. "சரிங்கண்ணா" என்று நகர்வதே முறை.

மூன்றாவது, அறிமுகம் இல்லாமையின் 'வேண்டாம்'. இதை வென்ற ஒருவரின் பெயர் மயிலாப்பூரிலேயே ஒரு பூங்காவுக்கு இருக்கிறது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893 இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியபோது அதை அறிந்தவர் எவரும் இல்லை. அவர் இசைக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்தார். பூசிப் பார்த்தவர்கள் பிறகு கடைகளில் கேட்டு வாங்கினார்கள். பின்னர் அந்தத் தொழில் சென்னைக்கு வந்து லஸ் பகுதியில் வேரூன்றியது. தெரியாத பொருளை மறுப்பது மக்களின் இயல்பு. அந்த மறுப்பை நீக்கும் செலவு முதலாளியுடையது என்று அவர் உணர்ந்திருந்தார். மாதிரியைக் கொடுத்தவர் அவர். வாய்ச் சாமர்த்தியத்தால் மட்டும் வென்று வா என்று வெறுங்கையோடு எவரையும் அனுப்பி ஆகும் காரியம் அன்று அது.

நான்காவது, பணத்தின் 'வேண்டாம்'. இதற்கும் தமிழ்நாட்டில் விடை கண்டவர்கள் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் பொருளை அடைத்து விற்கும் எண்ணத்துக்கு வழி காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983 இல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். முழுப் புட்டி வாங்க முடியாது என்று மறுத்த வீடுகள் சிறு பொட்டலத்தை வாங்கின. மாறியது பொருளின் அளவும் விலையும். விலையால் வரும் மறுப்பை விலையை வகுப்பவர் தீர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐந்தாவது, நமக்கு முன் வந்து போன மோசடிக்காரனுக்கு உரிய 'வேண்டாம்'. காவல் துறை அதிகாரி போல் காணொளியில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைப் பறித்த செய்திகளை 2024 இல் நாளேடுகளில் தொடர்ந்து படித்தோம். ஏமாந்தவர் புகார் செய்ய 1930 என்ற எண் இருக்கிறது. அறிமுகமற்ற எண்ணிலிருந்து வரும் அழைப்பை இன்று ஒரு பெரியவர் பாதியில் துண்டித்தால், அவர் நம்மை இகழவில்லை, தம்மைக் காத்துக்கொள்கிறார். நம் வீட்டுப் பாட்டி அப்படிச் செய்தால் நாம் பாராட்டத்தானே செய்வோம்?

ஆறாவது, உறுதியான 'வேண்டாம்'. யோசித்து, பொருளை அறிந்து, பணம் இருந்தும் வாங்க விரும்பாதவர் சொல்வது. இது அவர் உரிமை. தேவையற்ற விற்பனை அழைப்புகளைத் தடுக்க 2007 இலேயே ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. இன்று 1909 என்ற எண் வழியே எவரும் தம் மறுப்பைப் பதிவு செய்யலாம். காப்பீட்டில் கையெழுத்திட்டுப் பணம் கட்டிய பிறகும், பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம் என்று 2024 இல் விதி வந்தது. 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகளின்படி, அந்நிறுவனங்களின் விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் இசைவும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குச் செல்லக் கூடாது. "மாமா ஆத்துல இல்லை, வேண்டாம்ப்பா" என்று ஒரு மாமி கம்பிக் கதவுக்குப் பின்னிருந்து சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாட்டின் சட்டமே நிற்கிறது. ஒரு முறை கேட்டு, நன்றி சொல்லி, இறங்கி வருவதுதான் நாகரிகம். மறுத்தவரை மடக்கிப் பேசி இணங்க வைப்பதைத் திறமை என்று கற்பிப்பவர்களை நான் ஏற்கவில்லை.

ஏழாவது வகையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஆளைப் பார்த்துச் சொல்லும் 'வேண்டாம்'. "எந்த ஏரியா தம்பி?" என்று கேட்பார்கள். நொச்சிக்குப்பம் என்று சொன்னதும் சிலர் முகம் மாறும். "உங்க ஆபீஸ்லேருந்து வேற ஆளை அனுப்பச் சொல்லு" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். என் நோட்டில் இந்த வகைக்கு நேராக உள்ள கோடுகள் குறைவு. ஆனால் மற்ற ஆறு வகைகளையும் இதுவாகவே எண்ணி அஞ்ச வைக்கும் ஆற்றல் இந்தச் சில கோடுகளுக்கு உண்டு. அதனால்தான் பிரித்துப் பார்ப்பது முக்கியம். இதையும் சிரித்துக்கொண்டு தாங்கக் கற்றுக்கொள் என்று எவரும் நமக்குச் சொல்லக் கூடாது. இதில் வெட்கப்பட வேண்டியவர் கதவுக்கு உள்ளே இருப்பவர்.

கணக்கு என்ன சொல்கிறது?

கணித மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைத் தோழர்கள் முன் வைக்கிறேன். இருபது வீடுகளில் ஒரு வீடு வாங்கும் என்று கொள்வோம். ஒரு மாணவன் நாளொன்றுக்கு இருபது வீடுகள் ஏறுகிறான். அப்படியானால் நாளுக்கு ஒன்று நிச்சயம் விற்கும் என்று மேலாளர் எதிர்பார்க்கிறார். இது தவறு. ஒரு வீடு மறுக்கும் நிகழ்தகவு 0.95. இருபது வீடும் தொடர்ந்து மறுக்கும் நிகழ்தகவு, 0.95 ஐ இருபது முறை பெருக்கினால் வரும் எண். அது ஏறத்தாழ 0.36. அதாவது, எந்தக் குறையும் இல்லாமல் உழைக்கும் மாணவனும் மூன்று நாட்களில் ஒரு நாளுக்குக் கூடுதலாகவே வெறுங்கையோடு திரும்புவான். இரண்டு நாள் தொடர்ந்து ஒன்றும் விற்காமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு. மூன்று நாளுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் யாரேனும் ஒருவருக்கு இந்த மூன்று நாள் வறட்சி வரக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். அவனை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, "உனக்கு முயற்சி போதாது" என்று கண்டிப்பது நிகழ்தகவைக் கண்டிப்பதாகும். இருபது பேர் மறுத்தார்கள் என்பது இருபத்தோராம் வீட்டுக்குத் தெரியாது. அங்கே வாய்ப்பு பழையபடியே இருக்கிறது.

இதே கணக்கை நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். நூறு மாணவர்கள் ஒரு நாளில் ஏறும் வீடுகள் 2,000. எதிர்பார்க்கும் விற்பனை 100. நம் பாடநூல் சூத்திரப்படி திட்ட விலக்கம் ஏறத்தாழ 10. ஆகவே பெரும்பாலான நாட்களில் நிறுவனத்தின் விற்பனை 80 க்கும் 120 க்கும் இடையே இருக்கும். பெரிய எண்களின் விதி என்று நாம் படிப்பது இதுதான். 1713 இல் வெளிவந்த யாக்கோபு பெர்னூலியின் நூலில் நிறுவப்பட்டது. மாணவனுக்கு ஒவ்வொரு நாளும் குலுக்கல் சீட்டு. நிறுவனத்துக்கோ ஏறக்குறைய உறுதியான வருமானம். ஐயப்பாட்டைச் சிரமமின்றித் தாங்கக் கூடியவர் அதைத் தாங்க வழியில்லாதவர் தலையில் ஏற்றிவைக்கிறார். விற்றால் முந்நூறு ரூபாய், விற்காவிட்டால் ஒன்றுமில்லை, பெட்ரோல் செலவும் உன்னுடையது என்ற ஏற்பாட்டில்தான் நான் வேலை செய்தேன். இருபது வீட்டுக்கு ஒரு விற்பனை என்றால் ஒரு வீடு ஏறுவதன் மதிப்பு 15 ரூபாய். மறுத்த வீட்டுக்கும் அதே படிகளைத்தான் ஏறினேன்.

யார் ஏற்க வேண்டும்?

இடரைப் பலருக்குள் பகிர்ந்துகொள்வதுதான் காப்பீட்டின் அடிப்படை. சென்னை மாகாணத்தில் 1829 இலேயே மெட்ராஸ் ஈக்விடபிள் என்ற நிறுவனம் ஆயுள் காப்பீட்டில் இறங்கியது. 1956 செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களை இணைத்து எல்.ஐ.சி. உருவாயிற்று. அண்ணா சாலையில் 1959 முதல் நிற்கும் அதன் அடுக்குமாடிக் கட்டடம், வீடு வீடாக ஏறி மறுப்பைக் கேட்ட முகவர்களின் கால்களால் வளர்ந்த தொழிலின் அடையாளம். அந்த முகவர்களுக்கும் தரகுதான். ஆனால் ஒரு முறை ஒருவர் சேர்ந்துவிட்டால், அவர் தவணை கட்டும் ஆண்டுகளில் தொடர்ந்து முகவருக்கும் ஒரு பங்கு வரும். இன்று கேட்ட பல மறுப்புகளுக்கு நாளைய ஆண்டுகளில் ஈடு உண்டு. நம் கைக்கு வரும் ஒரு முறைத் தரகில் அந்த ஈடும் இல்லை.

இன்னொரு சான்று மருத்துவமனை வாசல்களில் இருக்கிறது. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் மருத்துவர் அறைக்கு வெளியே, கடைசி நோயாளி போகும்வரை பையோடு காத்திருக்கும் மருந்து நிறுவனப் பிரதிநிதிகளை எல்லாரும் பார்த்திருப்போம். அவர்களும் மறுப்புக் கேட்பவர்களே. அவர்கள் சங்கம் கண்டு போராடினார்கள். 1976 இல் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. நியமனக் கடிதமும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் உரிமைகளாயின. அச்சட்டம் பின்னர் 2020 இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் இன்று பார்க்க மறுத்தாலும் பிரதிநிதியின் மாதச் சம்பளம் நிற்பதில்லை. அவருக்கு இலக்கு உண்டு, அழுத்தம் உண்டு. எனினும் மறுப்பின் செலவில் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்கிறது. ஏற்றுக்கொண்டு தொழிலும் நடக்கிறது.

தியாகராய நகரின் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே விற்றவர்களின் கால் வலியை ஒரு காலத்தில் யாரும் தொழிலின் செலவாகக் கருதவில்லை. 2021 இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமன்றம் வகுத்தது. கடைக்குள் நிற்பவரின் வலி சட்டத்தின் கண்ணில் பட்டது போல, தெருவில் நடப்பவரின் வலியும் ஒரு நாள் பட வேண்டும்.

நிலையான சம்பளம் கொடுத்தால் பையன்கள் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள், தரகு ஒன்றே ஓட வைக்கும் என்பது நிறுவனங்களின் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறிய வீடுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கூலியும், விற்றதற்கு மேற்கொண்டு ஒரு தரகும் கொடுக்கலாமே! நாம் எந்தத் தெருவில் எந்த நிமிடம் நிற்கிறோம் என்று கைப்பேசிச் செயலி வழியே கண்காணிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஏறிய வீடுகளை எண்ணத் தெரியாதா? நம்மைப் பின்தொடரப் பயன்படும் கருவி, நமக்குக் கூலி கணக்கிடவும் பயன்படட்டும்.

நாம் செய்யக் கூடியவை

சட்டமும் முதலாளியும் மாறும்வரை நாம் காத்திருக்க முடியாது. இந்த வேலைக்குப் போகும் தோழர்களுக்குச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சிறு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மறுப்பும் மேலே சொன்ன எந்த வகை என்று ஒரு கோடு போடுங்கள். பெயரிட்டுவிட்ட மறுப்பு வீடு வரை பின்தொடர்ந்து வராது. காலத்தின் மறுப்புக்கு நாளை மாற்றுங்கள். பணத்தின் மறுப்பை மேலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். உறுதியான மறுப்புக்கு நன்றி சொல்லி நகருங்கள்.

நாளின் இலக்கை விற்பனையில் வைக்காமல் வீடுகளின் எண்ணிக்கையில் வையுங்கள். இருபது வீடு ஏறுவது நம் கையில் இருக்கிறது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது நம் கையில் இல்லை.

உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணிலிருந்து விற்பனை அழைப்புகள் செய்யுமாறு சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். விற்பனை அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்வரிசை உண்டு. பதிவு பெறாமல் விற்பனை அழைப்புச் செய்வோரின் இணைப்பைத் துண்டித்து, இரண்டாண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்க 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட்டது. நிறுவனத்தின் இலாபத்துக்காக நம் எண்ணை இழக்க வேண்டியதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் இந்த வேலைகளுக்குப் போவது படிப்பைக் கெடுக்கும் என்று தாங்கள் கவலைப்படுவதை அறிவோம். போக வேண்டிய நிலை இருக்கும்வரை போவோம்; அதற்கு ஆயத்தப்படுத்தி அனுப்புங்கள் என்றே கேட்கிறோம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே நேர்முகத் தேர்வுக்கும் ஆங்கிலம் பேசவும் நமக்குப் பயிற்சி கிடைக்கிறது. அதோடு, மறுப்பை வகை பிரிக்கவும், நியமனக் கடிதத்தைப் படித்துப் பார்க்கவும் ஓரிரு வகுப்புகள் நம் கல்லூரியிலேயே நடக்கட்டும். ஆள் எடுக்க வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் நம் வேலைவாய்ப்புக் குழு மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும்: நிலையான ஊதியம் எவ்வளவு? பயணச் செலவு யாருடையது? விற்காத நாளில் மாணவனுக்கு என்ன கிடைக்கும்? விடை தராத நிறுவனத்துக்கு நம் அரங்கத்தைத் திறந்துவிட வேண்டாம்.

நாமும் சொல்லக் கற்போம்

விற்பதை இரப்பதாக எண்ணி நம்மவர் பலர் கூசுகிறார்கள். வள்ளுவர் இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வணிகத்தை அங்கே வைக்கவில்லை. நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே தரையில் நிற்கும் செயல் அது. ஆகவே கேட்பதில் இழிவில்லை, மறுக்கப்படுவதிலும் இழிவில்லை.

புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடியவர். இளவெளிமான் தம் தகுதியை அறியாமல் சிறு பரிசில் கொடுத்தபோது, வீட்டில் பசி இருந்தும் அதை வாங்க மறுத்தார். குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிக் காட்டினார். யானை கட்ட நமக்கு வசதி இல்லை. ஆனால் தகுதியை மதிக்காத கொடையை ஏழையும் மறுக்கலாம் என்ற மரபு நம்முடையது.

ஆகவே தோழர்களே, 'வேண்டாம்' என்பதைக் கேட்கக் கற்ற நாம் அதைச் சொல்லவும் கற்போம். பொய் சொல்லி விற்கச் சொல்லும் மேலாளரிடம் சொல்வோம். நியமனக் கடிதம் தராத நிறுவனத்திடம் சொல்வோம். மறுப்பின் செலவு முழுவதையும் நம் பையிலிருந்து எடுக்கும் ஒப்பந்தத்திடம் சொல்வோம். தனியாகச் சொன்னால் அந்த இடத்துக்கு வேறொரு மாணவன் வந்துவிடுவான். சேர்ந்து சொன்னால் ஒப்பந்தம் மாறும். இந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அறையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.